நர்மதாவுக்கு ஒரு ப்ராக்ஸி

அன்றைக்கு எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றதில் ஷேர் ஆட்டோ அரைமணி நேரம் அசையவில்லை. நர்மதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி, நேற்றைய மழைச்சேறு சுடிதாரில் தெறிக்கத் தெறிக்க நடந்து, தெரிந்த அண்ணன் ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் இருக்கும் தன் கம்பெனி கேட்டுக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மணி எட்டு பன்னிரண்டு. எட்டைத் தாண்டினால் பெயருக்கு எதிரே சிவப்பு விழும். வேலையில் சேர்ந்த ஆறு மாதத்தில் அவள் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புகூடக் கிடையாது. இன்னும் பத்தே நாளில் பர்மனென்ட் ஆர்டர்.

போச்சு என்று நினைத்துக்கொண்டே மெஷினில் முகத்தைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. ‘பதிவு ஏற்கெனவே உள்ளது. 07:52.’

“இன்னா நர்மதா, திரும்பவும் வந்து மூஞ்சியக் காட்டினுகீற?” என்றார் செக்யூரிட்டி ஸ்டீவன், டீ கிளாசிலிருந்து வாயை எடுக்காமலே.

“திரும்பவா? இப்பத்தாண்ணே வரேன்.”

“யாருகிட்ட? எட்டுக்கு முன்னாடியே உள்ள போன. குட்மார்னிங்ண்ணேன்னு சொன்ன. வாயில இன்னாத்தையோ மென்னுகினு இருந்த.”

“ஆளு மாறிப் பாத்திருப்பீங்க.”

“ஆளு மாறும். மெஷின் மாறுமா?” என்று சிரித்தார் ஸ்டீவன்.

உண்மையைச் சொன்னால், நர்மதாவுக்கு அப்போது பயம் வரவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. மெஷினுக்குக் கோளாறு, அண்ணனுக்குக் கண்கோளாறு, நமக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். லாக்கர் அறையில் மட்டும் ஒரு நொடி நின்றாள். ஈர ஷூக்களும் சோப்புத்தூளும் கலந்து நாறும் அந்த அறையில், அவளுடைய லாக்கரைத் திறந்ததும், ஏலக்காய் வாசனை வந்தது. யாரோ இப்போதுதான் கடித்து மென்றது போல, ஈரமாக, புதுசாக.

அவள் லாக்கரில் ஏலக்காய் எதற்கு வருகிறது? அவளுக்குத் தெரிந்து ஏலக்காயை மிட்டாய் மாதிரி நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். அவள் செத்து எட்டு மாதம் ஆகிறது.

*

அந்தக் கம்பெனியில் ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் பரசுராமன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ‘எஸ் சார்’ சொன்னவர்களுக்கு டோக்கனைக் கொடுப்பார். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பெயர் வெட்டிய அலுமினிய வில்லை. மருந்து காய்ச்சும் கெட்டிலுக்குள், அந்த ஆளுயர இரும்புக் கொப்பரைக்குள், யார் இறங்கினாலும், இறங்குவதற்கு முன் அந்த டோக்கனைத் தன் கையாலேயே பக்கத்துப் பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்தபின் தன் கையாலேயே எடுக்க வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். டோக்கன் இல்லையென்றால் மூடியை மூடி, கிளாம்ப் போட்டு முடுக்கி, காற்றை வெளியேற்ற நைட்ரஜனைத் திறந்துவிடுவார்கள்; உள்ளே மூச்சுவிட எதுவும் மிஞ்சாது.

மறுநாள் காலை பரசுராமன் “நர்மதா” என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் போய்விட்டது. “எஸ் சார்.”

அவளுடைய குரல். அந்த ‘எஸ்’ஸைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வது வரைக்கும் அவளுடைய குரல். நர்மதா திரும்பினாள். பின்வரிசையில் நாலு கான்ட்ராக்ட் ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவர்.

“இந்தா டோக்கன். எங்க பாக்கற?”

“இப்ப யாரு சார் பதில் சொன்னது?”

“நீதான் சொன்ன. தூக்கமா?” பரசுராமன் டோக்கனை அவள் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் அடியில், கல்லூரி மூன்றாம் வருட லேபில் ஆசிட் பட்ட பிறை வடிவத் தழும்பின்மேல் அது சில்லென்று உட்கார்ந்தது. “கையெழுத்தும் போட்டுட்ட. இன்னிக்கு நீ ரொம்ப ஃபாஸ்ட்.”

ரிஜிஸ்டரைப் பார்த்தாள். நர்மதா என்று அவள் கையெழுத்தேதான் இருந்தது. அடியில் மட்டும் ஒரு கோடு. கோட்டின் முனையில் ஒரு சின்னச் சுழி. அந்தச் சுழி அவளுடையது இல்லை. அவளுக்குப் பதிலாகக் கல்லூரியில் நாலு வருடம் கையெழுத்துப் போட்டவளுடையது.

சுகிர்தா மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருவாள். ரயில் லேட்டானால் முதல் பீரியடில் நர்மதா தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு அவளுக்கு ‘எஸ் சார்’ சொல்வாள். செக்போஸ்டில் லாரி நின்று நர்மதா லேட்டானால், சுகிர்தா குரலை மெலிதாக்கிக்கொண்டு இவளுக்குச் சொல்வாள். “நீ செத்துப் போனாலும் உனக்கு நான் ப்ராக்ஸி போட்டு டிகிரி வாங்கிக் குடுத்துடுவேண்டி” என்று சுகிர்தா சொல்லாத வாரம் கிடையாது. லேட்டாக வந்தால் வகுப்பின் பின்கதவைத் தட்டுவாள். இரண்டு சின்னத் தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு பெரிய தட்டு. டக் டக். டக். கடைசி பெஞ்சில் இருக்கும் நர்மதா, போர்டைப் பார்த்தபடியே, கையைப் பின்னால் நீட்டித் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள்.

கடைசி செமஸ்டரில் இந்தக் கம்பெனிக்குத்தான் இருவரும் பதினைந்து நாள் ட்ரெய்னிங் வந்தார்கள். பதினைந்தாம் நாள் மத்தியானம், கெட்டிலின் உள்பூச்சில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க, ஒல்லியான ஆள் வேண்டும் என்று சுகிர்தாவை இறக்கினார்கள். வெளியே காவல் நின்றவள் நர்மதா. நடுவில் ஒரு போன் வந்தது, பேசப் போனாள். திரும்பி வந்தபோது கீழேயிருந்து பரசுராமன் பெயர் கூப்பிட்டார். நர்மதா? எஸ் சார். சுகிர்தா? பாத்ரூம் போயிருப்பாள் என்று நினைத்தாள். நாலு வருடப் பழக்கம் தொண்டையில் வந்து நின்றது. கரகரப்பாக எஸ் சார். டோக்கன்? பலகையில் தொங்கியதை எடுத்து, முகம் தெரியாமல் மேடையிலிருந்தே கீழே போட்டாள். மூடியை முடுக்கி, நைட்ரஜனைத் திறந்துவிட்டார்கள்.

பிறகு நாலு பேர் உட்கார்ந்த விசாரணையில், சுகிர்தாவே மேலே ஏறி வந்து, பதில் சொல்லி, டோக்கனையும் கொடுத்துவிட்டு, மறந்துபோன டார்ச்சை எடுக்க யாரிடமும் சொல்லாமல் மறுபடி இறங்கினாள் என்று நர்மதா சொன்னாள். ‘தன் சொந்தக் கவனக்குறைவால்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த வருடம் அந்தக் கல்லூரிக்கு அந்தக் கம்பெனியில் ஒரே ஒரு இடம். முதல் மார்க் சுகிர்தா. இரண்டாவது இவள்.

ரிஜிஸ்டரை மூடினாள்.

*

“இன்னாம்மா, சோத்தப் பெசஞ்சினே கீற?” என்றார் அப்பா.

ஆதிகேசவன் இருபத்திரண்டு வருடமாக இரும்பு உருக்கும் ஆலையில் கான்ட்ராக்ட் ஆள். மூன்று கான்ட்ராக்டர் மாறிவிட்டார்கள், அவர் மாறவில்லை. கேட்டில் பர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு வழி, இவர்களுக்கு ஒரு வழி.

“ஒண்ணும் இல்ல நைனா. திங்கக்கிழமைக்குள்ள டிகிரி ஒரிஜினல் கேக்கறாங்க. சனிக்கிழமை காலேஜுல குடுக்கறாங்களாம். போவணும்.”

“போ. போய் வாங்கினு வா. இத்த நானா சொல்லணும்?”

“போகவே பிடிக்கல நைனா.”

அவர் தட்டை நகர்த்திவிட்டு அவளைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு நெனப்பா? மீஞ்சூர்க்காரி? பாவந்தான். அதுக்கு இன்னா பண்றது? நீ நல்லா இருக்கணும்னுதான் அது மேலேர்ந்து பாத்துனு இருக்கும்.”

அப்பா எழுந்து போய், சுவரில் ஒரு ஆணியைக் காட்டினார். புது ஆணி. “ஆர்டர் வந்ததும் கண்ணாடி போட்டு இங்க மாட்டப் போறேன். எவன் ஊட்டுக்கு வந்தாலும் மொதல்ல அதப் படிச்சிட்டுத்தான் தண்ணி குடிக்கணும்.”

“உங்களுக்கு ஓவரு நைனா.”

“இருக்கட்டும் போ. ஆமா, இன்னிக்கு சாயந்திரம் இன்னாத்துக்குக் கொல்லக்கதவத் தட்டின? முன்கதவு தொறந்துதான இருந்துச்சு?”

“நானா?”

“நீதான். ரெண்டு தட்டு சின்னதா, ஒரு தட்டு பெருசா. எழுந்து வந்து பாக்கறதுக்குள்ள முன்னால வந்து நிக்கற. வெளையாட்டா?”

*

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நர்மதா கல்லூரி வாசலில் இறங்கினாள். ஹைவேயின் இரைச்சல் பின்னால் தேய, வேப்பமரங்களுக்கு நடுவே நடந்தாள். மறுநாளிலிருந்து தீபாவளி லீவு பத்து நாள். பிள்ளைகள் பாதிப்பேர் போய்விட்டிருந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காலி வகுப்பறைகளின் ஜன்னல்கள் காற்றில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டன. ஆறே மாதத்தில் எல்லாம் சின்னதாகத் தெரிந்தது, அந்தப் பின்கதவு மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் தாண்டினாள்.

டிபார்ட்மென்ட் ஆபீஸ் வாசலில் பெஞ்சில் ஒரு அம்மாள், பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு ஃபோல்டரை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது. இருந்தாலும் தெரிந்தது. சுகிர்தாவின் அம்மா, கன்னியம்மா.

திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

“வாடி நர்மதா. ஒக்காரு.”

“எப்படி இருக்கீங்கம்மா?”

“இருக்கேன். அவ சர்டிபிகேட்டையும் குடுத்தாங்க. பெத்தவ வந்து வாங்கிக்கலாம்னு லெட்டர் போட்டாங்க. முதல் வகுப்புன்னு போட்டுகீதாம், படிச்சிச் சொன்னாங்க.” ஃபோல்டரைத் தடவினாள். “உன்ன ஒண்ணு கேக்கணும். எட்டு மாசமா கேக்கணும்னு இருக்கேன்.”

“கேளுங்கம்மா.”

“ஊட்ல கேஸ மூடினியான்னு மூணு தபா கேப்பா அவ. ரயில்ல ஏறச்சொல்ல கால எடுத்து வெக்கறதுக்கு முன்னாடி என்ன ஏத்திவுட்டுட்டுதான் ஏறுவா. அவ எப்பிடிடி யார்கிட்டயும் சொல்லாம திரும்ப உள்ள எறங்குவா? நீ பக்கத்துல தான இருந்த?”

காற்று நின்றிருந்தது. எங்கேயோ ஒரு சொட்டுத் தண்ணீர் தகரத்தில் விழுந்தது.

“இங்க புதுசா வர ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்றாங்களாம். சுகிர்தா மாதிரி பண்ணாதீங்கன்னு. அவ தப்பு பண்ணலன்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும். யாரையும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லு.”

சொல்லிவிடலாம். நர்மதாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே, சுவரில் புது ஆணி வந்தது. திங்கட்கிழமை வந்தது.

“நான் பாக்கலம்மா. அவளா தான் எறங்கினா. டார்ச்ச எடுக்க.”

கன்னியம்மா “சரிடி” என்றாள். எழுந்தாள். “அவ கை டார்ச்ச கெட்டியா புடிச்சிகினு இருந்துச்சுன்னு சொன்னாங்க. மறந்து உட்டுட்டு வந்த பொருளாட்டம் இல்ல.” ஃபோல்டரை மார்போடு அணைத்துக்கொண்டு மழை இருட்டுக்குள் நடந்தாள்.

நர்மதா நின்ற இடத்திலேயே நின்றாள். மிக அருகில், காதுக்குப் பின்னால், யாரோ ஏலக்காயைப் பல்லால் உடைக்கும் சத்தம் கேட்டது.

“நர்மதாஆ?” என்று பேராசிரியர் அட்டென்டன்ஸ் எடுக்கும் தோரணையில் ஒரு குரல்.

“எஸ் சார்!” என்று தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள்.

அட்டெண்டர் ராஜமாணிக்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். “இன்னும் பழக்கம் போவல பாரு. கம்பெனிக்காரி ஆயிட்டாலும் வாய் தானா சொல்லுது. இன்னாம்மா, இன்னும் போவலியா?”

“இப்பதாண்ணே வந்தேன். சர்டிபிகேட் வாங்கணும்.”

“எத்தினி வாங்குவ? ரெண்டு மணிக்கே வாங்கினியே.” அவர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். நர்மதா. அடியில் கோடு. முனையில் சுழி. “உங்க ரெண்டு பேர் ப்ராக்ஸியும் எனக்குத் தெரியும். ஆனா கையெழுத்துப் போடச்சொல்ல நீயே எதிர்ல நின்னுகினு இருந்த. அதுல எப்பிடி ப்ராக்ஸி வரும்?”

“அண்ணே, நான் வரலண்ணே. வேற யார்கிட்டயோ குடுத்துட்டீங்க.”

“ஐடி கார்டு பாத்துத்தாம்மா குடுத்தேன். காலேஜுக்கு உங்க கம்பெனி குடுத்த கெட்டில் எங்க இருக்குதுன்னு கேட்ட. பின்னாடி ஷெட்டுலன்னேன். அந்தப் பக்கமா போன.” அவர் குரலைத் தாழ்த்தினார். “தொண்டை கட்டின மாரி இருந்துச்சு உனக்கு. இப்ப சரியாயிடுச்சா?”

*

தகரக்கூரை போட்ட ஷெட். உள்ளே கால் வைத்ததும் மழை கூரையில் இறங்கிவிட்டது, கூடை கூடையாகச் சரளைக் கல்லைக் கொட்டியது போல. ஒரே ஒரு பல்பு. அதன் கீழே, இரும்பு மேடையின் நடுவே, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் கெட்டில் நின்றது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு பச்சை; இப்போது புதுப் பெயின்ட் அடித்த வேறு பச்சை. பெயின்டுக்கு அடியில் அதேதான். அபசகுனம் பிடித்தது என்று ஆட்கள் அதில் வேலை செய்ய மறுத்ததால், பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும் என்று கம்பெனி இங்கே அனுப்பிவிட்டது. டோக்கன் பலகையையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். நைட்ரஜன் வந்த குழாயை அடியோடு அறுத்துவிட்டிருந்தார்கள். அறுந்த முனை காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது.

ஆள் இறங்கும் மேன்ஹோலின் மூடி திறந்து கிடந்தது.

ஏணியில் ஏறினாள். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். நீலம். கெட்டிலின் உள்பூச்சு ராத்திரிக் கடல் மாதிரி அடர் நீலக் கண்ணாடி. வெளிச்சம் வழுக்கி வழுக்கிக் கீழே போனது. அடியில், கையெட்டாத ஆழத்தில், கல்லூரி முத்திரை போட்ட ஃபோல்டர். திறந்திருந்தது. அவள் பெயர் தங்க எழுத்தில் மினுங்கியது.

ராஜமாணிக்கத்தைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? உன் சர்டிபிகேட்டை இதற்குள் யார் போட்டது என்று அவர் கேட்டால்? இன்னொன்று வாங்க மூன்று மாதம் ஆகும். திங்கட்கிழமை நாளை மறுநாள்.

ஐந்து நிமிஷம். அவ்வளவுதான். சுகிர்தாவும் அன்றைக்கு இறங்கும்போது அப்படித்தான் சொன்னாள்.

கைப்பையையும் போனையும் மேடையில் வைத்தாள். ஆறு மாத வேலைப் பழக்கம் சும்மா விடுமா? பையிலிருந்து, நேற்று திருப்பிக் கொடுக்க மறந்த தன் டோக்கனை எடுத்து, தன் கையாலேயே பலகையில் மாட்டினாள். ஆடவிட்டுப் பார்த்தாள். நன்றாகத் தெரிகிறது. யார் வந்தாலும் பார்ப்பார்கள். அந்த ஒரு வில்லை கொடுத்த தைரியத்தில், உள்ளே சாய்த்திருந்த ஏணியில் காலை விட்டாள்.

உள்ளே இறங்க இறங்க மழைச் சத்தம் தூரத்துக்குப் போனது. மூச்சுச் சத்தம் பெரிதானது. காய்ந்துபோன மருந்தின் காரநெடி. அதற்கு அடியில் ஏலக்காய். பூச்சில், முழங்கால் உயரத்தில், நகத்தால் பிராண்டியது போல வெள்ளைக் கோடுகள். கண்ணாடியில் நகம் பதியாது என்று அவளுக்குத் தெரியும். குனிந்து ஃபோல்டரை எடுத்தாள்.

தங்க எழுத்தில் சுகிர்தா என்றிருந்தது.

மேலே மேடையில் காலடி.

“அண்ணே?”

போன் மணி அடித்தது. அவளுடைய போன். அடித்துக்கொண்டே இருந்து, நின்றது.

“சொல்லு நைனா” என்றது அவளுடைய குரல். “வாங்கிட்டேன். கையிலதான் வெச்சினுகீறேன். தோ, கெளம்பிட்டேன். சோறு வெய்யி, பசிக்குது.”

“நைனா!” என்று கத்தினாள். கத்தியது வெளியே வரவில்லை. தொண்டையில் கரகரவென்று ஏதோ அடைத்திருந்தது. வாய் முழுக்க ஏலக்காய்.

ஏணியைப் பிடித்தாள். கால் வழுக்கியது. மறுபடி பிடித்தாள்.

சிணுங். மேலே அலுமினியச் சத்தம். கொக்கியிலிருந்து வில்லையை எடுக்கும் சத்தம்.

“நர்மதாஆ?” ஷெட் வாசலிலிருந்து ராஜமாணிக்கம், அதே தோரணையில்.

“எஸ் சார்!” என்று சிரித்தது மேலே.

“பாத்துட்டியாம்மா? பூட்டணும், பத்து நாள் லீவு. பாம்பு கீம்பு பூந்துடும், மூடிய இறுக்கிடறேன். உள்ள யாரும் இல்லியே?”

“யாரும் இல்லண்ணே. டோக்கன் பாருங்க, பலகை காலி.”

மூடி விழுந்தது.

இருட்டு. கிளாம்ப் ஒன்று. கிளாம்ப் இரண்டு. ஒவ்வொரு முடுக்கும் எலும்புக்குள் இறங்கியது. மேலே மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பார்வைக் கண்ணாடி மட்டும், மஞ்சளாய், பல்பு வெளிச்சத்தில். ராஜமாணிக்கத்தின் செருப்பு ஏணியில் இறங்கியது. மழைக்குள் போனது.

தட்டினாள். கை தானாகத் தட்டியது. டக் டக். டக்.

அப்போதுதான், எட்டு மாதமாக அப்பாவிடமும் சொல்லாத, விசாரணையிலும் சொல்லாத, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாத அது வந்தது. அன்றைக்கும் இந்தத் தட்டு கேட்டது. நைட்ரஜன் திறந்த பிறகு. மூடியவர்கள் இறங்கிப் போய், மேடையில் அவள் மட்டும்தான் நின்றாள். முதல் தடவை கேட்டதும் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. இரண்டாவது தடவை, கத்தினால் குரல் மாற்றிச் சொன்னது தெரிந்துவிடுமே என்று தோன்றியது. மூன்றாவது தடவை, ஒரே ஒரு இடம் என்று தோன்றியது. பார்வைக் கண்ணாடிக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் மேலே மேலே வந்தது. அவள் உள்ளங்கையை விரித்து அந்தக் கண்ணாடியின்மேல் வைத்து மூடினாள். தட்டு நிற்கும் வரைக்கும் எடுக்கவில்லை.

டக் டக். டக்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். குழாயே இல்லாத இடத்திலிருந்து.

“சுகி” என்றாள். “சுகி, சொல்லிடறேண்டி. உங்கம்மாகிட்ட சொல்லிடறேன். சத்தியமா. தொறடி.”

மேலே ஒரு முகம் குனிந்தது. அவளுடைய முகம். அவளுடைய ஹேர்பின், அவளுடைய கம்மல். ஒரு பக்கக் கன்னம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது, எதையோ அடக்கிக்கொண்டு. கோபமே இல்லை அதில். பெயர் கூப்பிடக் காத்திருப்பவளைப் போலப் பொறுமையாகப் பார்த்தது.

டக் டக். டக்.

ஒரு கை வந்தது. விரிந்தது. கண்ணாடியின்மேல் படிந்தது. ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கட்டைவிரல் அடியில் பிறை வடிவத்தில் ஒரு ஆசிட் தழும்பு.

டக் டக்.

அந்தக் கை அசையவில்லை.